ஒண்டைக் குடு, ஆறைக் குடாதை

“...ஓன் கோல் இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. ஆனா பைனல் எண்டா பைனல்தானே,” என்றார் தலைவர்.

போன யூலையில், ரண்டர்ஸ் என்ற டெனிஷ் நகரில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கோடை விளையாட்டு விழாவில் சொன்னார். கூடாரத்துக்குள் ஒரு மடக்கு மேசையில் நாங்கள் எதிரெதிரே இருந்தோம். வெளியே தூறல். எங்களுக்கு நடுவே தட்டில் நான்கு பொரித்த றோல்ஸ் நின்றன. நடுவில் இரண்டு முழு றோல்ஸ், இரு பக்கமும் கடித்த அரை றோல்ஸ். நிமிர்த்தி வைத்தது நான்தான். முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு மனிதரைப் பற்றி இந்த ஊர் சொல்லிவரும் பிழையை, இன்றைக்காவது இவருக்கு விளங்கப்படுத்திவிட வேண்டும் என்று, அந்த றோல்ஸைக் காட்டிக் காட்டிச் சொல்லி முடித்திருந்தேன். அதற்குத்தான் அவர் அப்படிச் சொன்னார். தனக்கு அன்றைக்கே தெரியுமாம்.

எனக்குக் காது சுட்டது. இன்னும் சுடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் என் வயதுக்காரர். வீட்டுச் சாவியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்கோலுக்குப் போன பிள்ளைகள். அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்வரை பாணும் சீஸும் தின்றுகொண்டு ஜன்னலில் இருந்தவர்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும். எனக்குத் தமிழ் எழுத யாரும் முறையாகப் படிப்பிக்கவில்லை. கோயில் கலண்டரையும் மிளகாய்த்தூள் பையையும் எழுத்துக்கூட்டிப் பிடித்துக்கொண்டதுதான். எழுத்தில் பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் பிழை இல்லை.

நான் சொல்வது என் மாமாவைப் பற்றி. அம்மாவின் கடைசித் தம்பி. அந்தக் கோடையில் எனக்குப் பத்து வயதுபோல. அவர் எங்கள் வீட்டுச் சின்ன அறையில், அரிசி மூட்டைக்கும் தையல் மெசினுக்கும் நடுவே படுத்திருந்தார். இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் வேலை. வேலையால் வந்ததும் பின்னால் பதுங்கி வந்து, என் பிடரியில் இரண்டு கைகளையும் வைப்பார். ஐஸ்கட்டி. நான் கத்துவேன். “இண்டைக்கு வெளியிலதான் வெயில், எனக்குள்ள மாரிகாலம்,” என்பார். ஆட்கள் சொல்லும் சொற்களைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். நான் பொறுக்கிய முதல் சொல் அதுவாக இருக்க வேண்டும்.

அவரோடு அதே குளிரறையில் ஓர் அவுஸ்திரேலியாக்காரன் வேலை செய்தான். டெனிஷ்காரி ஒருத்தியைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவன். அவனுடைய டெனிஷும் மாமாவின் ஆங்கிலமும் ஒரே அளவு மோசம். அதனாலேயே நல்ல சிநேகிதம். ஒருநாள் மேல் தட்டில் இருந்து விழுந்த பெட்டியை மாமா எம்பித் தலைக்கு மேலே இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறார். அவன் பார்த்துவிட்டு, சனிக்கிழமை என்னோடு வா என்றானாம். அவனும் வேறு சிலரும் சேர்ந்து தங்கள் நாட்டுக் கால்பந்தை இங்கே விளையாடத் தொடங்கியிருந்த காலம். டெனிஷ் பெடியன்கள், ஒரு ஐரிஷ்காரன், பிறகு எங்கள் மாமா.

முதல் நாள் அந்தப் பந்தோடு அவர் வீட்டுக்குள் வந்தபோது அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “உதென்னடா, உரிக்காத தேங்காய்க்குச் சிவப்பு மை பூசி வைச்சிருக்கிறாய்?”

அன்றிலிருந்து அது தேங்காய்ப் பந்து. முட்டை வடிவம், சிவப்புத் தோல், வெள்ளைத் தையல். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் புதுச் செருப்பும் ஈரப் புல்லும் கலந்த மணம் வரும். நிலத்தில் போட்டால் எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. அப்பா அதை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்கட அகதி வழக்கு மாதிரியெல்லோ. எந்தப் பக்கம் துள்ளுமெண்டு ஆருக்கும் தெரியாது,” என்றார்.

ஆட்டம் விளங்காமல் என் கோபம் விளங்காது. அதனால் கொஞ்சம் பொறுமை. வலை கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் வரிசையாக நான்கு கம்பங்கள். நடுவில் இரண்டு உயரக் கம்பங்கள், அவற்றுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கட்டைக் கம்பம். நடுவுக்குள் காலால் அடித்தால் ஆறு புள்ளி. உயரக் கம்பத்துக்கும் கட்டைக் கம்பத்துக்கும் இடையே பந்து போனால் ஒரே ஒரு புள்ளி. அதை யார் தட்டி அனுப்பினாலும் அந்த ஒன்றுதான். இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

மாமாவுக்கு அந்த ஆட்டம் பிறவியிலேயே தெரிந்தது போல வந்தது. உயரப் பந்து வந்தால் முன்னால் நிற்பவனின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறி, வானத்தில் இருந்து பறித்துக்கொண்டு இறங்குவார். அது அந்த ஆட்டத்தில் குற்றமில்லை, கெட்டித்தனம். முதல் தடவை பார்த்த அம்மா வாயில் கை வைத்தார். “முருகன் மயிலில ஏறினமாதிரி ஏறுறான். மயில்தான் பாவம், மூக்கால ரத்தம் ஓடுது.” ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் அடித்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. தமிழ்க் கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். “எங்கட பெடியன்,” என்றார்கள். அதுவரை “அந்தத் தையல்காரியின்ர தம்பி” என்று அம்மாவைச் சாட்டிச் சொன்ன அதே வாய்கள்.

சனிக்கிழமைக் காலைகளில் ஸ்கோலின் பின்பக்கப் புல்வெளியில் எங்களைக் கூட்டிவைத்து விளையாடுவார். யாரும் கேட்டு வந்ததல்ல. நாங்கள் சும்மா பின்னால் போனோம், அவர் சும்மா பந்தை எறிந்தார். பெண்பிள்ளைகளும்தான். அதை ஒரு பெரிய விடயமாக அவர் நினைக்கவே இல்லை. அம்மா பழைய சாமான் கடையில் எனக்கொரு சோடிச் சப்பாத்து வாங்கித் தந்தார், அடியில் முள்ளு முள்ளாக இருக்கும் பந்தடிச் சப்பாத்து. உள்ளே யாரோ ஒரு டெனிஷ்ப் பிள்ளையின் பெயர் மையால் எழுதியிருந்தது. நான் அதை அழிக்கவில்லை. அந்தப் பிள்ளை என்னோடு சேர்ந்து ஓடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

என்னைப் பின்வரிசையில் நிறுத்துவார். நான் கட்டை, பந்து பிடிக்கவும் வராது. முதல் நாள் அழுதேன்.

“பிடிக்கேலாட்டில் பறவாயில்லை, குத்து,” என்றார். “எங்கையெண்டாலும் போகட்டும். பக்கத்துக் கம்பத்துக்குள்ள தட்டி விடு. ஒண்டைக் குடு, ஆறைக் குடாதை.”

ஒண்டைக் குடு, ஆறைக் குடாதை. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அதைப் பாட்டாகப் படித்துக்கொண்டு போவோம். அண்ணனுக்கு ஒரு பிஸ்கற்றைக் கொடுத்துவிட்டு மிச்சப் பெட்டியை நான் அமுக்கிக்கொள்வதற்கும் அதுவே எனக்கு மந்திரம். பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கிய சட்டம் இது. இதையும் நினைவில் வைத்திருங்கள்.

அந்தக் கோடையில்தான் சங்கம் சிறுவர் விளையாட்டுக் கழகம் தொடங்க முடிவுசெய்தது. கொம்யூன், அதுதான் இங்கத்தைய நகரசபை, மைதானமும் ஒரு மண்டபமும் தருவதாகச் சொல்லிவிட்டது. பழக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். மாமாவுக்கு அந்தப் பொறுப்பின்மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எதையும் யாரிடமும் கேட்காத மனிதர் அன்றைக்குத் தலைவரை வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிட்டார். அம்மா பற்றீஸ் பொரித்தார். தலைவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஊரில் கல்லூரி அணியின் கோல் காப்பாளர். வலது கையின் சுட்டுவிரல் பந்து பட்டு வளைந்துபோனது. அந்த வளைந்த விரலால்தான் ஆட்களைச் சுட்டிக் கதைப்பார். அவர் உங்களைக் காட்டுகிறாரா, பக்கத்தில் நிற்பவரைக் காட்டுகிறாரா என்று எப்போதும் சந்தேகம்.

“எனக்குச் சம்பளம் கிம்பளம் வேண்டாம் அண்ணை. பிள்ளையளை என்னட்டை விடுங்கோ, காணும்,” என்றார் மாமா.

“பாப்பம் தம்பி.” தலைவர் பற்றீஸின் ஓரத்தைக் கடித்து ஆறவிட்டார். “கோல் எல்லாரும் அடிப்பினம். இளைச்ச அணியோட ஆரும் அடிக்கலாம். பைனல்ல நிக்கிறவன்தான் ஆள். உம்மட பைனல் வருதெல்லோ, சனத்தையும் கூட்டிக்கொண்டு வாறன். பைனலைப் பாப்பம்.”

அவர் போனபின் மாமா அம்மாவிடம் கேட்டார், “நான் பைனல்ல நல்லாச் செய்வன் என்னக்கா?” அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கியபடி, “நீ ஒவ்வொரு கிழமையும் நல்லாத்தானேடா செய்யிறாய்,” என்றார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் அதுதான்.

இறுதியாட்டத்துக்கு எங்கள் சனம் கார் காராக வந்தது. கோல்டிங்கில் இருந்துகூட வந்தார்கள். பாய், பிளாஸ்க், குளிருக்குக் கம்பளி, பெரிய பெட்டியில் றோல்ஸ். டெனிஷ்காரர் சிவப்புச் சொசேஜோடு ஒரு பக்கம், நாங்கள் பொரித்த மணத்தோடு மறு பக்கம். எதிரணி கோபன்ஹேகனில் இருந்து வந்தது. அவர்களில் ஒரு செந்தலையன், கதவு போல அகலம். தொடங்கிய வேகத்திலேயே அவன் மூன்று நான்கு கோல்களைப் போட்டுவிட்டான். யாராலும் அவனை நிறுத்த முடியவில்லை.

இடைவேளையில் அவுஸ்திரேலியாக்காரன் மாமாவின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னான். மாமா தலையாட்டினார். பிறகு முன்னுக்குப் போகாமல் எங்கள் பக்கக் கம்பங்களுக்கு வந்து அந்தச் செந்தலையனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

“ஏன் அவனைப் பின்னுக்கு விட்டவங்கள்?” என்று பாயில் இருந்த ஒருவர் கோபப்பட்டார்.

“பயந்திட்டான்,” என்றார் தலைவர். “பைனல் எண்டா சிலருக்குக் கால் உதறும்.”

கால் உதறவில்லை. நான் பார்த்தேன். செந்தலையன் ஓடினால் ஓடினார், நின்றால் நின்றார். அவனுக்கு வந்த ஒவ்வொரு பந்தையும் குத்தினார், தட்டினார், காலால் தடுத்தார். அதன்பிறகு அவன் ஒரு கோலும் போடவில்லை. எங்கள் அணி மெல்ல மெல்லப் பிடித்து, கடைசியில் இரு பக்கமும் சமன். ஆனால் மாமா ஒரு கோலும் அடிக்கவில்லை. எங்கள் சனத்துக்கு அது மட்டும்தான் தெரிந்தது. நடக்காமல் போன கோலை யார் பார்ப்பது?

முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பந்து எல்லோருக்கும் மேலாக வந்து எங்கள் கம்பங்களுக்கு முன் விழுந்தது. தேங்காய் அல்லவா, அது செந்தலையன் பக்கமாகத் துள்ளியது. அவனுக்கு முன்னால் திறந்த நடு. ஒரு தட்டு, ஆறு புள்ளி, கோப்பை. மாமா எங்கிருந்தோ பாய்ந்து, விழுந்துகொண்டே, மூடிய கையால் அதைக் குத்தினார். பந்து எங்கள் உயரக் கம்பத்துக்கும் கட்டைக் கம்பத்துக்கும் நடுவால் போனது.

ஒன்றைக் கொடுத்தார். ஆறைக் கொடுக்கவில்லை.

நான் எழும்பித் துள்ளினேன். மற்றப் பக்கத்தில் டெனிஷ்காரர் எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் பாயில் சத்தமே இல்லை. பிறகு தலைவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

“ஓன் கோல்! தன்ர பக்கத்துக்கே அடிச்சிட்டானடா!”

“கை தட்டுறாங்கள் பாருங்கோ, நக்கல்,” என்றது இன்னொரு குரல்.

“இல்லை! அது ஒண்டுதான்! ஒண்டைக் குடு, ஆறைக் குடாதை!” என்று நான் கத்தினேன். அப்பா என் கையைப் பிடித்து இருத்தினார். தலைவர் என் தலையைத் தடவினார். “உனக்கு இது விளங்காது பிள்ளை,” என்றார். ஊரில் கோல் கம்பத்துக்குள் நின்று விரல் வளைந்த மனிதர். அவருக்குத் தெரிந்த பந்தடியில், தன் பக்கக் கம்பங்களுக்குள் பந்தைத் தள்ளியவன் துரோகி. அவர் அப்படி நினைத்ததில் அன்றைக்குப் பிழையில்லை என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா எழும்பி, ஆட்டத்தைத் திரும்பத் தொடக்க, அந்தப் பந்தைத் தானே தூர அடித்தார். முன்னுக்கு நின்ற டெனிஷ்ப் பெடியன் பிடித்துக் கோலுக்கு அடித்தான், எட்டவில்லை. ஊதுகுழல் ஊதியது. ஒரு புள்ளியால் தோல்வி. தோற்ற அணி, தோற்ற பின்னும், மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. அவர் மேலே இருந்தபடி எங்களைத் தேடினார். எங்கள் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

ஏன் அந்த ஒரு புள்ளியைக் கொடுத்தான், அதைக் கொடாமல் விட்டிருந்தால் சமன்தானே என்று அந்தக் கிழமை முழுக்கக் கதைத்தார்கள். கொடாமல் விட்டிருந்தால் ஆறு என்று மாமா ஒவ்வொருவருக்கும் சொல்லிப் பார்த்தார். “தோத்த பிறகு சட்டம் கதைக்கிறார்,” என்று சிரித்தார்கள். சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு மாமாவுக்கு இல்லை என்று முடிவானது. “எங்கட பிள்ளையளுக்கு ஓன் கோல் பழக்கவோ?” என்று ஒருவர் கேட்க மண்டபம் சிரித்ததாம். பொறுப்பைத் தலைவரே எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போனேன். தலைவர் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நின்றார். வட்டப் பந்து. வளைந்த விரல் என் பக்கமாக நீண்டது, பக்கத்தில் நின்றவளையாக இருக்கும் என்று நினைத்தேன். “பொம்பிளைப் பிள்ளையள் உள்ளுக்கை போங்கோ. டான்ஸ் ரீச்சர் வந்திருக்கிறா.”

பந்தடிச் சப்பாத்தோடு நான் தட்டடவு பழகினேன். மண்டபத் தரையில் சேற்றுப் புள்ளிகள். ரீச்சர் ஏசினார். ஜன்னலால் பார்த்தபோது பெடியன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த டெனிஷ்ப் பிள்ளையும் நானும் உள்ளே நின்றோம்.

“அவர் பழக்கட்டும். ஓடினாச் சரிதானே,” என்றார் மாமா. அவருக்குக் கோபம் வராது. அப்பா சொல்வார், “அவன் தோத்தாலும் சிரிக்கிறான், வெண்டாலும் சிரிக்கிறான், அவனை வைச்சு என்னண்டு காலநிலை பாக்கிறது?” சில வருடங்கள் அந்த அணியில் விளையாடினார். பிறகு முழங்கால் போய்விட்டது. பந்து நிலவறையில் காற்றுப்போய்க் கிடந்தது. வீடு மாறும்போது அம்மா அதை என்னவென்று தெரியாமல் குப்பையில் போட்டார். சப்பாத்து எங்கே போனதென்று தெரியவில்லை. மிஞ்சியது ஒன்றுதான். அந்தப் பெயர்.

ஓன் கோல். கலியாண வீட்டில், கோயிலில், கடையில், எங்கும். “ஓன் கோல், சுகமோ?” அதைவிட ஒரு கூத்து. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு டெனிஷில் ‘ஓங்கெல்’ என்றால் மாமா. பெரியவர்கள் அவரை மாமா என்று கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். என் மகளும்தான். ஒருநாள் அவளுக்கு நான் திருத்திச் சொல்லப் போக, மாமா தடுத்தார். “விடு. இவையெண்டாலும் மாமா எண்டுதானே கூப்பிடினம்.”

இப்போது அந்த மடக்கு மேசைக்கு வாருங்கள். அன்று சிறுவர் போட்டியில் ஒரு சின்னப் பெடியன் தவறித் தன் வலைக்குள்ளேயே அடித்துவிட்டான். கூடாரம் முழுக்கச் சிரித்து, வெளியே குடையோடு நின்ற மாமாவைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. றோல்ஸை நிமிர்த்தினேன். தெரியாத மனிதருக்குத் தெரியப்படுத்துகிறேன் என்ற பெருந்தன்மையோடு, சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

“உது தெரியும்,” என்றார் தலைவர். “அந்த அவுஸ்திரேலியாக்காரன் கூட்டத்துக்கு முதல்நாள் என்னட்டை வந்தவன். மண்டபத்துக் கரும்பலகையில நாலு கம்பமும் கீறிக் காட்டினவன். நல்லா விளங்கினது. நானும் கோல் காத்தவனெல்லோ, வலு கெட்டித்தனமான அடி அது.”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். எழுபத்தைந்து வயது முகம். கள்ளம் இல்லை, வெட்கமும் இல்லை.

“பிறகேன் தலைவர் கூட்டத்தில சொல்லேல்லை?”

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“சனம் எல்லாம் ஒரு முடிவோட வந்து குந்தியிருக்குது. நான் எழும்பி என்னெண்டு சொல்லுறது?” என்றார். “அது ஓன் கோல் இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. ஆனா பைனல் எண்டா பைனல்தானே.”

ஒரு கோடை முழுக்க ஓடிய கால், ஏறிய ஏற்றம், சனிக்கிழமைகள், குளிரறையில் இருந்து வந்து பிள்ளைகளுக்குப் பந்து எறிந்த கை, எல்லாவற்றையும் ஒரு நாளை வைத்து எடைபோட்டார்கள். அந்த ஒரு நாளிலும் அவர்தான் மைதானத்திலேயே திறமான ஆட்டக்காரர். அது தெரிந்த ஒரேயொரு தமிழ் வாய், மண்டபத்தில் மூடியிருந்தது. தெரியாமல் செய்தார் என்று நான் மன்னித்துவைத்த முப்பது வருடங்களை இனி யாரிடம் திருப்பிக் கேட்பது?

இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் தலைவர் தட்டில் நின்ற உயரக் கம்பம் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்று விழுங்கினார். பிறகு கூடாரத்துக்கு வெளியே பார்த்து, அந்த வளைந்த விரலை உயர்த்தி, முகம் முழுக்க அன்போடு, உரத்துக் கூப்பிட்டார்.

“ஓய், ஓன் கோல்! மழைக்குள்ள நிக்காமல் இஞ்சை வாரும். ரீ ஆறுது!”